படிக்கத் தெரிந்த கண்

படிக்கத் தெரியாத எழுத்தைத்தான் திருப்பூர் பிழையில்லாமல் அச்சிடுகிறது. இந்த எண்ணம் எப்போது வந்து ஒட்டிக்கொண்டதென்று தெரியவில்லை, வந்த பிறகு போகவில்லை. காதர்பேட்டைப் பக்கம் போனால் ஏற்றுமதியில் கழித்துவிடப்பட்ட டி-ஷர்ட்டுகள் கட்டுக்கட்டாகக் குவிந்து கிடக்கும். ஜெர்மன் சொல்லின் தலையில் வைத்த இரட்டைப் புள்ளி, போலந்துக்காரர்களின் எழுத்தைக் குறுக்கே வெட்டும் சின்னக் கோடு, பிரெஞ்சு எழுத்தின் அடியில் தொங்கும் கொக்கி என எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். கழிக்கப்பட்ட காரணம் வேறாக இருக்கும். தோள்தையல் கொஞ்சம் கோணியிருக்கும், அல்லது சாயம் ஒரு நிழல் தள்ளியிருக்கும். எழுத்தில் குற்றம் காண்பது கடினம். அதே தெருவில், பத்துக் கடை தள்ளி, தமிழ் வாசகம் அச்சிட்ட சட்டைகள் கம்பியில் தொங்கும். 'ண'வின் சுழிகள் மை அடைத்துக் கட்டியாகியிருக்கும். கொம்பு தன் எழுத்தை விட்டு ஓரடி விலகி நிற்கும். இரண்டு சொற்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு சொல்லின் வயிற்றுக்குள் புகுந்திருக்கும். இரண்டையும் அச்சிட்டது ஒரே ஊர். பல சமயம் ஒரே பட்டறை, ஒரே மேசை, ஒரே கை. தொழில் தெரியாதவர்கள் செய்ததாக இருந்தால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. தொழில் தெரிந்தவர்கள், ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் துணி அனுப்பும் ஊர்க்காரர்கள் செய்தது என்பதுதான் தொந்தரவு செய்கிறது.

வெளிநாட்டு ஆர்டரில் ஓர் எழுத்து எத்தனை கண்களைத் தாண்டி வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பையர் அனுப்பும் டெக் பேக் என்னும் விவரக்கோப்பில் வாசகம் வெறும் கோட்டுருவமாக மாற்றப்பட்டே வரும், எழுத்துருவின் பெயர்கூட இங்கே யாருக்கும் தேவைப்படாது. கழுத்துப் பட்டையிலிருந்து இத்தனை சென்டிமீட்டர் கீழே, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் இத்தனை மில்லிமீட்டர் என்று அளவு போட்டிருக்கும். பிலிம் எடுத்து, ஸ்கிரீனில் மருந்து பூசி, எக்ஸ்போஸ் செய்து, ஆர்டருக்கு எடுத்த அதே துணியில் ஸ்டிரைக் ஆஃப் என்னும் மாதிரி அச்சு ஒன்று அடித்துக் கூரியரில் அனுப்புவார்கள். ஒரு வாரத்தில் பதில் வரும். மூன்றாம் எழுத்துக்கும் நான்காவதுக்கும் இடைவெளி கூடிவிட்டது, ஐந்தாவதின் குறுக்குக்கோடு தடித்துவிட்டது என்று இருக்கும். திருத்தி மறுபடி அனுப்புவார்கள். ஒப்புதல் கையெழுத்தோடு திரும்பி வந்த துண்டை மெர்ச்சண்டைசர் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பிரிண்டிங் மேசைக்கு மேலே தொங்கவிடுவார். அதன்பிறகு மை இழுக்கும் ஸ்குவீஜியைப் பிடிக்கிறவருக்கு அந்தச் சொல்லின் பொருள் எதற்கு? தொங்குகிற துண்டையும் முன்னால் கிடக்கிற துண்டையும் அவர் மாறிமாறிப் பார்க்கிறார், வளைவுக்கு வளைவு, முனைக்கு முனை. 1922இல் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்த கூப்பர் பிளாக், 1957இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹெல்வெட்டிகா என்ற பெயர்களெல்லாம் அவர் காதில் விழுந்ததில்லை. ஆனால் முன்னதை 'குண்டெழுத்து' என்றும் பின்னதை 'மொட்டையெழுத்து' என்றும் பிரித்துச் சொல்வார். குண்டெழுத்தின் கனம் அடியில் தங்குவதால் அங்கே மை ஒரு இழுப்பு அதிகம் வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். எழுத்துருக்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவருடைய மணிக்கட்டு சொல்லிவிடும்.

இனி ஒரு தமிழ் ஆர்டர். கோயில் நோம்பிக்கு ஊர் இளைஞர்கள் போடும் ஒரேநிறச் சட்டை, கபடிக் குழுவின் சட்டை, கல்லூரியின் கடைசி நாளுக்கு வகுப்பே சேர்ந்து எடுக்கும் சட்டை, கட்சி மாநாட்டுச் சட்டை. வாசகம் வாட்ஸ்அப்பில் வரும். "எழுத்து எப்படி வேணுங்க?" என்று டிசைனர் கேட்பார். "நல்லா ஸ்டைலாப் போட்டு உடுங்ணா" என்று பதில் வரும். கோரல் டிராவின் பழைய பதிப்புகளில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் தனித்தனியே கழன்று, நடுவில் புள்ளிவட்டம் ஒன்று முளைக்கும். அதனால் வாசகத்தைப் பாமினிக்கோ வேறொரு பழைய குறியேற்றத்துக்கோ மாற்றி ஒட்டுவார்கள். பிறகு எழுத்துருப் பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டுவார்கள். நிழல் விழுந்தது, முனையில் பூ விரிந்தது, தீ எரிவது, கல்வெட்டு மாதிரி ஓரம் உடைந்தது என்று வரிசையாக வரும். ஏதோ ஒன்றில் கை நிற்கும். அகலம் போதவில்லை என்றால் பக்கவாட்டில் இழுத்துவிடுவார்கள், நின்ற கோடெல்லாம் தடித்துப் படுத்த கோடு மட்டும் மெலிந்ததாகத் தெரியும். உரிமையாளர் திரையை எட்டிப் பார்த்து வாய்விட்டுப் படிப்பார். எழுத்துப்பிழை இல்லை, ஓட்டிவிடலாம். டீ வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஸ்டிரைக் ஆஃப் கிடையாது, அளவுச்சீட்டு கிடையாது. நேரம் இல்லை, காசு இல்லை என்று காரணம் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். இருநூறு சட்டை ஆர்டரையும் இருபதாயிரம் சட்டை ஆர்டரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் அந்தக் காரணம் எனக்கு நிறையவில்லை. ஏனென்றால் பட்டறைக்காரர் அந்தச் சட்டையை அலட்சியமாகப் பார்க்கவில்லை. பெருமையோடுதான் பார்க்கிறார், தம் மகனுக்கும் ஒன்று எடுத்து வைக்கிறார். அவர் கண்ணுக்கு அடைத்த சுழி தெரியவில்லை, அவ்வளவுதான். சொல் முதலில் வந்து, எழுத்தை மறைத்துவிடுகிறது.

படிக்கத் தெரிந்தவன் எழுத்தைப் பார்ப்பதில்லை, அதைத் தாண்டிப் போய்விடுகிறான். புத்தகத்தில் அது நடக்கத்தான் வேண்டும். 1930இல் பியட்ரிஸ் வார்ட் லண்டனில் அச்சுக்கலைஞர்கள் முன் பேசியது இதைத்தான்: நல்ல அச்செழுத்து தன்னைக் காட்டிக்கொள்ளாமல் பொருளைக் காட்ட வேண்டும் என்றார். நூறு பக்கம் படிக்கிறவனுக்கு அது சரி. மார்பில் அணியும் ஒரு சொல்லுக்கு அது பொருந்துமா? டி-ஷர்ட்டின் வாசகத்தை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. முதல் கணத்திலேயே படித்தாகிவிட்டது. அதன்பிறகு நாள் முழுக்க, பஸ்ஸில், டீக்கடையில், கம்பெனி வாசலில், எதிரே நிற்பவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அப்போது எஞ்சி நிற்பது வடிவம் மட்டும். அலங்கார எழுத்துரு என்ற வகையே இந்த எஞ்சிய நேரத்துக்காக உண்டானது. அதைப் போய்ப் படிக்கிற கண்ணால், அதுவும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கிற கண்ணால், தேர்ந்தெடுக்கிறோம்.

துணியின் பக்கமிருந்து பார்த்தால் தமிழ் எழுத்துக்கு இங்கே இருக்கிற கஷ்டங்கள் தனி வகை. சிங்கிள் ஜெர்சியைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள், அது காகிதம்போல ஒரே தளம் இல்லை, கண்ணி கண்ணியாக எழுந்து இறங்கும் மேடுபள்ளம். 24 கேஜ் மெஷின் என்றால் அங்குலத்துக்கு 24 ஊசி. அந்தக் கண்ணிகளின் முதுகில் மை உட்காருகிறது, இடுக்கில் உட்காருவதில்லை. மயிரிழைக் கோடுகள் கொண்ட போடோனி போன்ற எழுத்துகள் இந்தத் துணியில் எப்போதும் அரைகுறைதான். அது ரோமன் எழுத்தின் பாடு. தமிழில் ஒரே உயரத்துக்குள் இன்னும் அதிக வளைவுகள் அடைபட்டிருக்கின்றன. 'ண'வுக்கு மூன்று சுழி, 'ஞ'வுக்கும் 'இ'க்கும் உள்ளே திரும்பி வரும் வழி. மேலே 'கி', 'கீ'யின் விசிறி, கீழே 'கு', 'டு', 'ரு'வின் இறக்கம். மேலுக்கும் கீழுக்கும் இடம் விட்டதும் எழுத்தின் உடம்புக்குக் கிடைக்கும் உயரம் சுருங்கிவிடுகிறது. அந்தச் சுருங்கிய உடம்பில்தான் அத்தனை சுழிகளும் திறந்து நிற்க வேண்டும். பிளாஸ்டிசால் மையை 160 பாகை சூட்டில் வேகவைக்கும்போது அது கொஞ்சம் பரவும், பஃப் மை என்றால் உப்பி எழுந்து உள்வெளிகளையெல்லாம் நெருக்கும். ஆங்கிலத்தின் பருத்த எழுத்துகளுக்கு நடுவே ஒரு வெளி இருக்கும், அது பாதியானாலும் எழுத்து பிழைக்கும். நம் பருத்த எழுத்தில் அந்த வெளிதான் எழுத்து. பட்டியலில் திரைமேல் அழகாகத் தெரியும் தடிமனான அலங்கார எழுத்துகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சோதனையிலேயே விழுந்துவிடும். இன்னொன்றும் உண்டு. பின்னல்துணி நெடுக்கைவிடக் குறுக்கில் அதிகம் இழுபடும். மேசையில் வட்டமாக இருந்த சுழி, உடம்பில் ஏறியதும் படுத்துக்கொண்ட முட்டைவடிவமாகிறது. எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் போடும் பழக்கம் உள்ளவர்கள், துணியும் அதையே செய்யப்போகிறது என்பதை நினைப்பதில்லை.

புள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளி என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. ஆனால் ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை, படிப்பவர் இடமறிந்து நிரப்பிக்கொண்டார். அச்சு வந்த பிறகுதான் புள்ளி நிலைத்து உட்கார்ந்தது. திருப்பூரின் ஸ்கிரீனில் அது மறுபடியும் நிலையில்லாமல் ஆகிறது. எக்ஸ்போஸ் செய்யும்போது வெளிச்சம் பட்ட இடம் இறுகும், பிலிமின் கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து வழி விடும். வெளிச்சம் கொஞ்சம் கூடிவிட்டால் மிகச் சிறிய இடங்கள் திறக்காது. முதலில் போவது புள்ளி. 'தமிழ்' என்று பிலிமில் இருந்தது துணியில் 'தமிழ' என்று விழும். மாறாக, கண்ணாடியில் ஒரு தூசி கிடந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் புகாமல் ஊசித்துளை விழும், அதன் வழியே மை கசிந்து துணியில் ஒரு புள்ளி வைக்கும். ஆங்கில வாசகத்தில் அது வெறும் அழுக்கு. தமிழில் அது ஓர் எழுத்தின் தலைக்கு மேலே விழுந்தால் இலக்கணமாகிவிடுகிறது, 'மகன்' என்பது 'மக்ன்' ஆகிறது. தமிழுக்கு அலங்கார எழுத்துரு தேர்ந்தெடுப்பவர் முதலில் புள்ளியைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அது எவ்வளவு பெரிது, எழுத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, வட்டமா சதுரமா அல்லது உள்ளே வெற்றிடம் கொண்ட வளையமா. வளையப்புள்ளி காகிதத்தில் கவர்ச்சியானது, பின்னல்துணியில் அடைத்துப்போகும். கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரியிலும் இதே கதைதான். ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கும் குறைந்த இடத்தில் சாட்டின் தையல் ஒழுங்காக நிற்காது, எழுத்தைத் தையல்கோப்பாக மாற்றிப் பஞ்சிங் போடுகிறவர் சின்னப் புள்ளிகளைத் தம் விருப்பத்துக்குப் பெரிதாக்கிவிடுவார். சில சமயம் அவர் செய்வதுதான் மூல எழுத்துருவைவிட நன்றாக இருக்கிறது.

திருப்பூர் ராயபுரத்துப் பக்கம் ஒரு பட்டறையில் இரவு ஷிப்டில் உட்கார்ந்திருந்தபோது நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. கபடி அணிக்கான சட்டை. ஸ்குவீஜி பிடித்தவர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர், தமிழ் பேசுவார், படிக்கமாட்டார். கொஞ்சம் ஓட்டியதும் நிறுத்திவிட்டார். "அண்ணா, இதுல மூணு வளையம் இருந்துச்சு. இப்ப ரெண்டுதான் இருக்கு" என்று 'ண'வைக் காட்டினார். உரிமையாளர் குனிந்து பார்த்தார். "அணின்னுதானே இருக்குது, ஓட்டு சாமி" என்றார். அந்த இளைஞர் ஓட்டவில்லை. முதல் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அப்புறம்தான் உரிமையாளருக்குத் தெரிந்தது. ஸ்கிரீனைக் கழுவி, காய்ந்த மையைத் துடைத்து, மறுபடி ஏற்றினார்கள். அந்த இளைஞரின் ஒடியா எழுத்தும் வளைவுகளால் ஆனது, பெரும்பாலான எழுத்துகள் தலைக்குமேல் ஒரு வில்லைத் தாங்கியவை. ஓலையின் நரம்புவாக்கில் நேர்கோடு கிழித்தால் ஓலை பிளக்கும், அதனால் இந்தப் பக்கத்து எழுத்துகள் வளைந்தன என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அதில் முழு நிறைவு இல்லை. 'ப'வும் 'ட'வும் 'ம'வும் அதே ஓலையில்தான் நேர்கோட்டோடு வாழ்ந்தன. எப்படியோ, வளைவில் வளர்ந்த கண் அது. என்னை உறுத்துவது வேறு. அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அத்தனை பேரையும் தாண்டி, தமிழ் படிக்காத ஒருவர்தான் தமிழ் எழுத்தைப் பார்த்தார்.

அப்படியானால் எழுத்தைத் தேர்ந்தெடுப்பதையும் படிக்கத் தெரியாதவர்களிடமே விட்டுவிடலாமா? இங்கே என் எண்ணம் தடுக்கிவிடுகிறது, ஏனென்றால் அதைச் செய்து பார்த்த வரலாறு நம்மிடம் இருக்கிறது. 1578இல் கொல்லத்தில் அண்ட்ரிக் அடிகளார் என்று நம்மவர்கள் அழைத்த போர்ச்சுகீசியப் பாதிரியார் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டபோது, எழுத்துகளைக் கோவாவிலும் கொல்லத்திலும் வார்த்தவர்கள் ஏசு சபையினர். அவர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள், எழுதுகிறவர்களின் கையைப் பார்க்க முடிந்தது. மாறாக, 1710 வாக்கில் ஜெர்மனியின் ஹாலே நகரில் தரங்கம்பாடி மிஷனுக்காகத் தமிழ் எழுத்து வெட்டியவர்கள், அனுப்பப்பட்ட மாதிரியைப் பார்த்து வெட்டினார்கள். கவனத்தில் குறைவில்லாத கைகள்தான், இன்று திருப்பூரில் ஜெர்மன் புள்ளியை அச்சிடும் கைகளைப் போல. ஆனால் 1713இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்த அந்த எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தைத் தின்றன. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க வேண்டியதாயிற்று. அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவற்றின் விறைப்பு. ஒரு வளைவு எங்கே தொடங்குகிறது, எழுத்தாணி எங்கே தூக்கப்படுகிறது, எந்தச் சுழி முதலில் விழுந்து எது அதைத் தொடர்கிறது என்பது மாதிரித்தாளில் தெரியாது. எழுதியவன் கையில்தான் தெரியும். பார்க்க மட்டும் தெரிந்த கண் உருவத்தைக் காப்பாற்றும், ஓட்டத்தைக் காப்பாற்றாது. நம் பட்டியல்களில் கிடக்கும் அலங்கார எழுத்துகள் பலவற்றின் குறை இதுதான். ஆங்கிலத்தின் தடிப்பையும் மெலிவையும், செரிப் என்னும் பாதக்கட்டையையும், தமிழ் எழுத்தின் கை எப்படிப் போகும் என்று பாராமல் மேலே ஒட்டியவை. 'க'வின் குறுக்குக்கோடு மெலிய வேண்டிய இடத்தில் தடித்து, தடிக்க வேண்டிய வாலில் மெலிந்து நிற்கும். அது அலங்காரம் ஆகாது, வேறொருவர் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டதுதான்.

பழமையான தோற்றம் வேண்டும் என்று கேட்பவர்களால் இன்னொரு குழப்பம் வருகிறது. ரோமன் எழுத்தில் அது எளிது. 16ஆம் நூற்றாண்டின் கராமோன் இன்றும் படிக்கக்கூடிய வடிவம், மரபு என்று கைநீட்டிக் காட்ட ஒரு இடம் இருக்கிறது. தமிழில் எந்த ஆண்டைக் காட்டுவது? பெரியார் 1935இல் ஈரோட்டிலிருந்து, இங்கிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டரில், குடி அரசு இதழில் கொண்டுவந்த சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஆணையாக்கியது. யானைத் தும்பிக்கை வைத்த பழைய 'லை', 'ணை'யும் கொக்கிபோல வளைந்த பழைய 'ணா', 'றா', 'னா'வும் பள்ளிப் புத்தகத்தை விட்டுப் போயின. அதே 1978இல்தான் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் பம்பாய் வணிகர்கள் மூலம் வெள்ளை டி-ஷர்ட் தேடி இந்த ஊருக்கு வந்தார் என்று திருப்பூர் தன் ஏற்றுமதிக் கதையைத் தொடங்கும். எழுத்து மாறிய ஆண்டும், எழுத்து விழப்போகிற வெள்ளைத்துணி உலகத்துக்குக் கிளம்பிய ஆண்டும் ஒன்றுதான். இன்று செட்டிநாட்டு உணவகத்துக்கோ பாரம்பரிய அரிசிக் கடைக்கோ சட்டை அடிப்பவர்கள் பழைய 'லை'யைத் தேடிப் போடுகிறார்கள். தும்பிக்கை வடிவம் அழகானது, துணியில் நன்றாகவும் விழும், மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வடிவம் ஒரு காலத்தின் பெயர். அதை எந்த வாசகத்துக்குச் சூட்டுகிறோம் என்று யோசிக்க வேண்டும். சமூகநீதி பேசும் சட்டையில் அது வரக்கூடாது, அந்தச் சொல்லை எழுதியவர்கள் விட்டு வெளியேறிய வடிவம் அது.

இன்னும் பின்னால் போகிறவர்களும் உண்டு. கீழடி அகழாய்வுக்குப் பிறகு தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் பெயர் போட்ட சட்டைகள் நிறைய வருகின்றன. நொய்யல் கரையில், சென்னிமலைக்குப் பக்கத்தில், கொடுமணலில் கிடைத்த பானை ஓடுகளில் நூற்றுக்கணக்கானவற்றில் தமிழி எழுத்துகள் கீறப்பட்டிருக்கின்றன. சாயம் ஓடிய, 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொல்ல நேர்ந்த அதே நொய்யல்தான். அந்த எழுத்துகள் சுட்ட மண்ணில் கூர்முனையால் கீறப்பட்டவை, அதனால் கோடு நேராக, சுருக்கமாக, ஒரே தடிப்பில் இருக்கும். ஸ்கிரீனுக்கும் எம்ப்ராய்டரிக்கும் இதைவிட இணக்கமான எழுத்து வேண்டாம். சட்டைகளும் அருமையாக வருகின்றன. ஏன் அருமையாக வருகின்றன என்று யோசித்தால் மறுபடி அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறேன். தமிழியை அச்சிடுகிறவருக்கும் அதை அணிகிறவருக்கும் பெரும்பாலும் படிக்கத் தெரியாது. அதனால் பார்க்கிறார்கள், அட்டவணையோடு ஒப்பிடுகிறார்கள், கோடு எண்ணுகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழுக்குக் கிடைக்கும் மரியாதை இன்றைய 'ண'வுக்குக் கிடைப்பதில்லை.

2020 செப்டம்பரில் 'ஹிந்தி தெரியாது போடா' என்ற வாசகச் சட்டைகளைத் திரைத்துறையினர் அணிந்த படங்கள் பரவியதும் திருப்பூருக்கு ஆர்டர்கள் வந்து குவிந்தன. பலரும் அடித்தார்கள், ஆளுக்கொரு எழுத்துருவில். எழுத்துரு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அறிய அதைவிட நல்ல சோதனையை யாரும் ஏற்பாடு செய்திருக்க முடியாது. உருண்டையான, குழந்தைப் பத்திரிகை எழுத்தில் விழுந்த 'போடா' நண்பனின் தோளைத் தட்டியது. முனை கூராக, சாய்ந்து, தூரிகை இழுத்த எழுத்தில் விழுந்தது சண்டைக்கு நின்றது. வேர்டு கோப்பில் இருந்த லதா எழுத்துருவை அப்படியே எடுத்துப் பெரிதாக்கிப் போட்டவர்களின் சட்டையில் அது அரசு அறிவிப்பாக இருந்தது. சொல் ஒன்று, கோபம் மூன்று. அந்த வேறுபாட்டை எத்தனை பேர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள்? கோபத்தைச் சொல்ல வந்தவர்கள் அந்தக் கோபத்தின் முகத்தைப் பட்டியலில் முதலில் அகப்பட்டதற்கு விட்டுக்கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

கையால் எழுதிய காலத்தில் இந்தச் சிக்கல் இந்த வடிவில் இல்லை. ஓவியர் ஆதிமூலம் புத்தக அட்டைகளுக்கும் சிற்றிதழ்களுக்கும் எழுதிய தலைப்புகளைப் பாருங்கள். தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே மை வறண்டது என்று பின்தொடர்ந்து போகலாம். அவர் சொல்லைப் படித்தார், எழுத்தையும் பார்த்தார், இரண்டும் ஒரே இழுப்பில் நடந்தன. சுவரில் தேர்தல் வாசகம் எழுதியவர்களுக்கும் அது தெரியும். தொலைவிலிருந்து பஸ்ஸில் போகிறவர் படிக்க வேண்டுமென்பதால் புள்ளியைப் பெரிதாக்கினார்கள், நிழலை ஒரே பக்கம் போட்டார்கள். பிளக்ஸ் வந்ததும் அவர்கள் கைக்கு வேலை போனது. திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பித்தளைக் குடத்தில் பெயர் வெட்டுகிறவர்கள் புள்ளி புள்ளியாகத்தான் எழுத்தைப் போடுவார்கள், ஆனால் வரிசை தப்பாது. 'வ' எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே தொடங்கும், குடத்தின் வளைவுக்கு ஏற்ப எழுத்து குறுகும். சீதனப் பாத்திரத்தில் இருக்கும் அந்த எழுத்துக்கு எழுத்துருப் பெயர் கிடையாது. அதை அப்படியே எடுத்துச் சட்டையில் போட்டால் இன்றைய அலங்கார எழுத்துகள் பலவற்றைவிடத் திருப்பூருக்கு நெருக்கமாக இருக்கும் என்பது என் கருத்து. இதுவரை யாரும் போட்டு நான் பார்க்கவில்லை.

வேறு வழியே இல்லை என்று இனி சொல்ல முடியாது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எழுத்தின் ஓட்டம் தெரிந்தவர்கள் வரைந்த தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரான் ஒன்பது தடிப்புகளில் இருக்கிறது. முதுகில் போடும் வீரர் பெயருக்கு அதன் தடித்த வடிவங்கள் போதும், ஆனால் ஆகக் கனத்ததைப் பஃப் மையில் போடாதீர்கள். எக் டைப் குழுவின் பாலூ தம்பி குண்டாக, சிரித்த முகமாக இருக்கும், குழந்தைகள் சட்டைக்கு அதை விஞ்ச ஒன்று எனக்குத் தெரியாது, அஞ்சலிச் சட்டைக்கு ஆகாது. அதே குழுவின் அனெக் தமிழில் எழுத்தின் அகலத்தையே குறைத்துக் கூட்டலாம். குறுக்கில் இழுபடும் துணிக்குக் கொஞ்சம் ஒடுங்கிய அகலத்தைத் தேர்ந்தால், உடம்பில் ஏறியதும் சரியான அகலத்துக்கு வரும். இலங்கையின் தாரிக் அசீஸ் வரைந்த கவிவாணர் சாய்ந்த கையெழுத்து, சின்னதாக, இடது மார்பில், ஒரே நிறத்தில் போட்டால் அழகு. அரிமா மதுரையை வரைந்தது போர்ச்சுகல் நாட்டுக் குழு. 1578ஐ நினைக்கும்போது அது எனக்கு வியப்பாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. அவர்கள் பார்க்கக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். இவை எல்லாம் யூனிகோடில் இயங்குபவை. பழைய கோரலைப் புதுப்பிக்காமல் இவற்றைப் போட முயன்றால் கொம்பு கழன்றுதான் விழும், அந்தச் செலவைச் செய்யத்தான் வேண்டும்.

பட்டறைக்காரர்களிடமும், இந்த ஊரில் பின்னலாடை வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகளிடமும் கேட்பது இதுதான். அடுத்த தமிழ் ஆர்டருக்கு, இருநூறு சட்டையே ஆனாலும், ஆர்டர்துணியிலேயே ஒரு ஸ்டிரைக் ஆஃப் அடியுங்கள். வாசகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். அப்போது படிக்க முடியாது, அடைத்த சுழியும் தொலைந்த புள்ளியும் தாமாகத் தெரியும். பிறகு நிமிர்த்தி, ஒருவருக்கு மாட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஆர்டர் கொடுத்தவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வெளிநாட்டு பையர் உங்களிடம் கேட்டு வாங்குவதை உங்கள் ஊர்க்காரர் கேட்காமலே கொடுங்கள். எழுத்துருவை வரைந்தவர் பெயரை ஆர்டர் சீட்டில் எழுதி வையுங்கள். கட்டணம் உள்ள எழுத்துரு என்றால் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.